சவாரி என்ற சொல்

எங்கள் ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில் சுற்றுலா, ட்ரிப் என்ற பேச்செல்லாம் பிறகு வந்தவை. நான் சின்னவனாக இருந்தபோது லொறியில் கதிர்காமம் போனாலும், பேராதனைப் பூந்தோட்டம் பார்க்கப் போனாலும் அதற்குப் பெயர் சவாரிதான்.

என் மனைவிக்குச் சிறுநீரகம் பழுதாகி, வாரத்தில் இரண்டு நாள் கண்டி ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்தம் செய்யத் தொடங்கியபோது, அவள் அந்தச் சொல்லை மறுபடி எடுத்தாள். ரொட்டியும் சம்பலும் பொட்டலம் கட்டுவாள். நல்ல சேலை உடுத்துவாள். லயத்து வரிசை வீட்டுப் பெண்களிடம், "சவாரி போறோம்" என்பாள்.

ஆஸ்பத்திரி வாங்கில் உட்கார்ந்து காத்திருந்த, நாங்கள் நானா என்று கூப்பிடும் கட்டுகஸ்தோட்டை முஸ்லிம் பெரியவர் ஒருவர், அவள் அங்கும் இப்படிச் சொன்னதைக் கேட்டுச் சிரித்தார். "அது பாரசீகச் சொல்லு தங்கச்சி. பட்டாளத்தோட தமிழுக்கு வந்தது. குதிரையில ஏறிப் போறதுதான் சவாரி."

"அப்ப தொரைமாருக்குத்தான் சவாரி, நானா. எங்க ஆளுங்க குதிரைக்குப் புல்லு வெட்டுனவங்க."

நானா இருமல் வரும்வரை சிரித்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். நாலு பேர் திரும்பிப் பார்த்தாலே எனக்குக் கூசும்.

இந்தச் செவ்வாய்க்கிழமை அவள் அடுப்பு மூட்டவில்லை.

"இனி நான் வரல. ஊசி குத்தக் கையில எடமில்ல. என்னைய விட்டுருங்க."

ஒரு தடவை விட்டாலும் தண்ணீர் நெஞ்சுக்கு ஏறிவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதைச் சொன்னேன். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். அஞ்சாம் வகுப்போடு நின்றவன் நான். அதற்குமேல் வார்த்தைக்கு எங்கே போவேன்?

கீழே பஸ் சத்தம் கேட்டது. ஓடிப்போய் அதன் முன்னால் நின்றேன்.

"என்னண்ணே, சாகப் போறீங்களா? ஏறுங்க!" என்று கொண்டக்டர் கத்தினார்.

"வீட்ல வரணும் தம்பி. அவ வராம பஸ்ஸ விடமாட்டேன்."

ஹோர்ன் அடித்தார்கள். உள்ளே இருந்தவர்கள் ஏசினார்கள். ஒருவர் போனில் படம் எடுத்தார். தலையைக் குனிந்துகொண்டேன். நகரவில்லை.

சத்தம் கேட்டு அவள் வாசலுக்கு வந்தாள். பிறகு சுவரைப் பிடித்துப் பிடித்துப் படி இறங்கினாள்.

"வெக்கங்கெட்ட மனுசா, ஊரே பாக்குது. ஏறித் தொலைங்க."

அன்றைக்குக் கண்டியில் ஊசிக்குக் கையை நீட்டினாள். நாளைக்கு வெள்ளிக்கிழமை, மறுபடி போக வேண்டும். பஸ்ஸை என்னால் மறிக்க முடியும். அவள் இறங்கி வருவாளா, தெரியவில்லை.