முப்பது துளிக் கணக்கு

மஹய்யாவ ஊர்க்காரி சுதர்சினிக்கு ஓ.எல். பரீட்சையில் கணிதத்துக்குச் சாதாரணச் சித்திதான். ஆனால் சேலைன் கணக்கை அவளைப் போல மனத்திலேயே போட எங்கள் வார்ட்டில் வேறு எந்தத் தாதிக்கும் வராது. மணிக்கு இத்தனை மில்லிலீற்றர் என்று டொக்டர் எழுதுவார். ஒரு மில்லிலீற்றருக்கு இருபது துளி. பெருக்கி அறுபதால் வகுத்தால் நிமிடத்துக்கு எத்தனை துளி என்று வரும். நான் கடதாசி தேடுவதற்குள் அவள் குழாயில் துளியைக் கூட்டிக் குறைக்கும் உருளையைத் திருகி, சட்டையில் குத்திய மணிக்கூட்டைப் பார்த்து எண்ணத் தொடங்கிவிடுவாள். ஏன், ஏன் என்று கேட்பதுதான் அவளுடைய வியாதி. சில நாள் எரிச்சலாக வரும்.

2022, மருந்துக்குத் தட்டுப்பாடான வருடம். மடுல்கெல்ல தோட்டத்திலிருந்து தினேஸ் என்ற இருபத்திரண்டு வயது இளைஞனை டெங்குவோடு கொண்டுவந்திருந்தார்கள். டெங்குவில் ஒரு கட்டம் பொல்லாதது. ஏற்றும் தண்ணீர் குறைந்தால் இரத்த அழுத்தம் விழும். கூடினால் நெஞ்சில் தேங்கி மூச்சு முட்டும். அளந்து ஏற்றும் பம்ப் எதுவும் மிச்சமில்லை. டொக்டர் மணிக்குத் தொண்ணூறு மில்லிலீற்றர் என்றார். அதாவது நிமிடத்துக்கு முப்பது துளி.

காலை எட்டு மணிக்குச் சுதர்சினி முப்பது வைத்தாள். பதினொரு மணிக்குப் போத்தலில் இருநூற்றெழுபது குறைந்திருக்க வேண்டும். முந்நூற்றறுபது குறைந்திருந்தது.

கட்டிலருகே தினேஸின் அப்பா கறுப்பையா நின்றிருந்தார். இரவும் போத்தல் முன்னதாகவே முடிந்ததென்று இரவுத் தாதி சொல்லிவிட்டுப் போயிருந்தாள். வேகமாக இறங்கினால் வேகமாகச் சுகமாகும் என்று உருளையைத் திருகிவிடும் உறவினர்கள் எங்களுக்குப் புதிதில்லை. நான் யோசிக்கவேயில்லை.

"அந்தாள்தான் திருகுறார், சுதர்சினி. எத்தினை பேரைப் பாத்திட்டன்."

சுதர்சினியும் கோபத்தில் கொட்டிவிட்டாள். "ஐயா, மகன் உசுரோட வேணுமா இல்லையா? இனி இதுல கை வச்சீங்கன்னா வெளியதான் நிக்கணும்."

கறுப்பையா தலையை மட்டும் ஆட்டினார்.

ஆனால் அவள் மறுபடி எண்ணியபோது சரியாக முப்பதுதான் விழுந்தது. அதுதான் அவளுக்கு உறுத்தியது. "றஞ்சனா அக்கா, திருகின மனுசன் முப்பதுக்கே எப்புடி திருப்பி வச்சாரு? அவருகிட்ட மணிக்கூடு கூட இல்லையே." எனக்கு வேலை தலைக்கு மேல் கிடந்தது. போ, பிறகு பார்ப்போம் என்றேன்.

பன்னிரண்டு மணிக்கு இன்னும் நூற்றிருபது குறைந்திருந்தது. தினேஸுக்கு மேல்மூச்சு வாங்கியது. சுதர்சினி உருளையை மூடி டொக்டரைக் கூப்பிட்டாள். அவர் சோதிக்கும்போதே, அதே பெட்டியிலிருந்து புதிய குழாயொன்றை எடுத்துச் சேலைன் போத்தலில் குத்தி, மருந்தளக்கும் கோப்பைக்குள் அறுபது துளி விட்டாள். மூன்று மில்லிலீற்றர் வர வேண்டும். நான்கு வந்தது. அதைக் கொட்டிவிட்டு மறுபடி எண்ணினாள். நான்கேதான்.

குழாயின் உறையை வெளிச்சத்தில் பிடித்து வாசித்தாள். அந்தக் குழாய்கள் வெளிநாட்டு நன்கொடை. முந்தின நாள் மாலைதான் பெட்டியை உடைத்திருந்தோம். மூலையில் எறும்பு அளவு எழுத்தில் இருந்தது: ஒரு மில்லிலீற்றருக்குப் பதினைந்து துளி. துளி பெரிது. எண்ணியது சரி, ஏறியது பிழை. அந்தப் பெட்டியை நானும் திறந்து எடுத்திருக்கிறேனே!

டொக்டர் மருந்து கொடுத்தார். மாலைக்குள் தினேஸின் மூச்சு சீரானது. பெட்டியின் மேல் நான் பெரிய எழுத்தில் "15" என்று எழுதி ஒட்டினேன். சுதர்சினி நேரே கறுப்பையாவிடம் போய், வார்ட் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.

"ஐயா, நீங்க திருகல. பிழை எங்க கணக்குல. ஒங்கள ஏசினது பெரிய தப்பு. மன்னிச்சிருங்க."

அவர் மெதுவாகச் சொன்னார்.

"நான் தொடவேயில்ல மிஸ்ஸி. பதினொன்றரை போல அவனுக்கு மூச்சு வாங்குச்சு. தண்ணி கூடிருச்சோ, கொஞ்சம் கொறச்சு வைப்போமான்னு கை போச்சு. நீங்க ஏசுனது ஞாபகம் வந்துச்சு. எடுத்துட்டேன். ஒங்ககிட்ட சொல்லவும் பயம்."

பதினொன்றரைக்கு நாங்கள் இருவரும் பத்தடி தள்ளித்தான் நின்றிருந்தோம். சுதர்சினியின் கண் கலங்கிவிட்டது. அவள் ஒரு கதிரையை இழுத்து அவருக்கு நேரே போட்டு உட்கார்ந்தாள்.

"நேத்து ராத்திரியில இருந்து சொல்லுங்க ஐயா. வேற என்னென்ன பாத்தீங்க?"