ஆள் இல்லாத இடத்துக்குப் போன சூடு

குளிர வைப்பது என்று உலகத்தில் ஒரு வேலையே கிடையாது. ஓர் இடத்துச் சூட்டை அள்ளிக்கொண்டு போய் இன்னோர் இடத்தில் கொட்டுவதுதான் எங்கள் தொழில். உங்கள் வீட்டு ஏசியின் வெளிப்பெட்டி பக்கத்து வீட்டு ஜன்னலைப் பார்த்து ஊதுகிறதா? அந்த வீட்டம்மா உங்களோடு பேசுவதை நிறுத்திவிட்டாரா? அப்படியானால் நீங்களும் நம்ம ஆள்தான், மேலே படியுங்கள்.

நான் அம்பத்தூரில் ஏசி மெக்கானிக்காக இருந்தவன். இப்போது கிரிப்டோ மெஷின்களுக்குச் சூடு தணிக்கிறேன். கண்ணுக்குத் தெரியாத ஒரு காசுக்காக இரவும் பகலும் கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கும் பெட்டிகள் அவை. பார்க்க ஷூ அட்டைப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசாக இருக்கும், சத்தம் மிக்ஸியைவிட மோசம். கம்பெனிக்காரன் வைத்த வேகம் போதாதென்று அதை முடுக்கிவிடுவதற்குப் பெயர் ஓவர்கிளாக். வேகம் ஏறினால் வருமானம் ஏறும், கூடவே சூடும் ஏறும். வருமானம் எவ்வளவு ஏறும் என்று எல்லாரும் கேட்பார்கள். சூடு எங்கே போகும் என்று கேட்ட வாடிக்கையாளர் ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

ஏசி அறையில் குடியிருப்பவர்

தொழிலுக்கு வந்த புதிதில் ஆவடியில் ஒரு வீட்டுக்குப் போனேன். வெளியே சித்திரை வெயில். ஹாலில் அந்த வீட்டு அம்மா, மாமியார், இரண்டு பிள்ளைகள் எல்லாரும் ஒரே மின்விசிறிக்கு அடியில் வியர்த்து வடிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வீட்டில் இருக்கும் ஒரே ஏசி அறையின் கதவு சாத்தியிருந்தது. உள்ளே யாருக்காவது உடம்பு சரியில்லையோ என்று மெதுவாகத் திறந்தேன். கட்டிலைச் சுவரோடு நிமிர்த்தி வைத்துவிட்டு, அதன் இடத்தில் மெஷின்கள் வரிசையாக ஓடிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றுக்கும் மஞ்சள் குங்குமம் வைத்திருந்தது.

பிள்ளைகளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. "இவங்கல்லாம் எங்க சார் படுக்கிறாங்க?" என்று கேட்டேன். வீட்டுக்காரர் கதவைச் சட்டென்று சாத்தினார், குளிர் வெளியே போய்விடுமாம். பிறகு நிதானமாகச் சொன்னார்: "நமக்கு வேர்த்தா தொடைச்சிக்கலாம் தம்பி. அதுக்கு வேர்த்தா செத்துடும்."

பாய் கொடுக்கும் குரல்

மண்ணூர்பேட்டையில் ஷெட் எடுத்து மெஷின் போட்டவர் டேவிட் அண்ணன். பாடியில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்தார். அது மூடியபோது கைக்கு வந்ததை எல்லாம் மெஷினாக மாற்றிவிட்டார். மெஷின் கருகினால் குடும்பமும் கருகும், அவ்வளவுதான் கணக்கு. முதலில் சூட்டை வாசல் பக்கம் விட்டோம். எதிர்ப்புற டீக்கடையில் பிஸ்கட் பாக்கெட்டெல்லாம் உப்பிப்போக, கடைக்காரர் சண்டைக்கு வந்தார். பின்பக்கம் சுவரை ஒட்டி மூடிக்கிடந்த ஒரு பிரஸ் ஷாப் இருந்தது, தகடு வெட்டும் கம்பெனி. வாசல் கேட்டில் பூட்டு துருப்பிடித்துத் தொங்கியது. முதலாளி எங்கே என்று அந்தத் தெருவில் யாருக்கும் தெரியவில்லை. அங்கே கொட்டிவிடலாம் என்றார் அண்ணன். நானும் சரி என்றேன். ஆள் இல்லாத இடம் கிடைப்பது எங்கள் தொழிலில் லாட்டரி விழுந்த மாதிரி.

தகரக் குழாய் போட வந்தவர் பூந்தமல்லி சலீம் பாய். அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்த இடத்தில் ஓட்டை போட்டாலும் முதலில் உள்ளே குரல் கொடுப்பார். பூனைக்குட்டி போட்டிருக்கலாம், புறா முட்டை வைத்திருக்கலாம், தெரியாமல் சூட்டை விட்டால் பாவம் நம்மைச் சேரும் என்பார். கூரைமேல் ஏறி, பிரஸ் ஷாப்பின் உயரத்து ஜன்னல் வழியாகத் தலையை விட்டு மூன்று தடவை கூப்பிட்டார். தார்ப்பாய் போர்த்திய மெஷின்களும், பழைய கேபின் ஒன்றின் பிளைவுட் கூரையும்தான் தெரிந்தன. பதில் வரவில்லை. குழாயை அந்த பிளைவுட் கூரைக்கு நேராக இறக்கி முடுக்கினார். இறங்கி வந்து கை துடைத்துக்கொண்டே சொன்னார்: "பேய் இருந்தாகூட நான் கூப்ட்டதுக்குப் பதில் சொல்லியிருக்கும் தம்பி. ஒண்ணும் இல்ல, உடு."

மூச்சு

அதற்குப் பிறகுதான் ஷெட் மூச்சுவிட ஆரம்பித்தது. பயப்படாதீர்கள், இதற்கு என்னிடம் விளக்கம் உண்டு. நிறைய விசிறிகள் ஏறக்குறைய ஒரே வேகத்தில் சுற்றினால், சத்தம் ஒன்றோடொன்று சேர்ந்து ஏறி இறங்கும். கேட்பவருக்கு யாரோ நெஞ்சு நிறைய இழுத்து விடுவது மாதிரி இருக்கும். எல்லா வாடிக்கையாளரிடமும் இதைச் சொல்லியிருக்கிறேன். தனியாக நிற்கும்போது எனக்கு நானேயும் சொல்லிக்கொள்வேன்.

டேவிட் அண்ணனின் மனைவி மெர்சி அக்கா தினமும் மத்தியானம் சாப்பாடு கொண்டுவருவார். ஒருநாள் கரண்ட் போனது. மெஷின்கள் அடங்கி, தகரம் மட்டும் டக் டக்கென்று சுருங்கிக்கொண்டிருந்தது. விசிறி நின்றால் குழாயில் காற்று திரும்பி வரும், அது சகஜம். அன்று வந்த காற்றில் தைல வாசம் இருந்தது. கூடவே கஞ்சி வாசம். ஏதாவது ஒயர் கருகியிருக்கும் என்று அண்ணன் டார்ச்சோடு ஓடினார். மெர்சி அக்கா கேரியரை மூடாமல் அப்படியே நின்றார். அக்கா தாழ்ந்த குரலில் சொன்னார்: "ஒயர் கருகுற நாத்தம் எனக்குத் தெரியாதா? இது ஜுரக்காரங்க படுத்துகீற ரூமு வாசன."

முடுக்கிய வாரம்

அந்தச் சமயம் பார்த்துக் கிரிப்டோ விலை ஏறியது. டேவிட் அண்ணன் வேகத்தைக் கூட்டச் சொன்னார். கூட்டினேன். மெஷினுக்குக் கேடு வராமல் விசிறியையும் கூட்டினேன். மூச்சும் வேகமானது. இழுப்பு வந்த ஆள் மாதிரி. மெர்சி அக்கா சாப்பாட்டை வாசலிலேயே வைத்துவிட்டு, பின்சுவர் பக்கம் திரும்பி வாய்க்குள் ஜெபம் பண்ணிவிட்டுப் போவார். அண்ணனுக்கு அது பிடிக்கவில்லை. எனக்கு மட்டும் அவர் இன்னும் கொஞ்ச நேரம் நின்று ஜெபித்தால் தேவலை என்று இருந்தது.

தலைவலி மாத்திரை வாங்க அந்தத் தெரு மெடிக்கலுக்குப் போனேன். எனக்கு முன்னால் ஒரு பெரியவர் நின்றார். காக்கிச் சட்டை, தோளில் ஈரத்துண்டு. நெற்றியைத் தொட்டுக் காட்டி, இரண்டு விரல் நீட்டினார். கடைக்காரர் கொடுத்த மாத்திரைகளைத் தன் தூக்குவாளித் தண்ணீரிலேயே விழுங்கிவிட்டு, வெயிலில் கால் தேய்த்துக்கொண்டு போனார். தூக்கை மறந்துவிட்டார். கொடுக்கலாமென்று எடுத்தேன், கை சுட்டது. உள்ளே இருந்தது வெந்நீர். அடுப்பிலிருந்து இறக்கியதா என்றேன். "அவருக்கு ஏது அடுப்பு? கஞ்சியே டீக்கடையில வாங்கிக்கினு போறாரு. தெனம் வந்து ஜுரம்னு மாத்திர கேக்குறாரு. இங்க கைய வெச்சுப் பாத்தா ஜில்லுனு கீது. ஊட்டாண்ட போனாதான் ஜுரம் வருதாம்," என்றார் கடைக்காரர்.

நாள் முழுக்க கரண்ட் இல்லை

நமக்கெல்லாம் தெரிந்த மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை. காலையிலிருந்து ஷெட் செத்துக்கிடந்தது. இந்தச் சமயத்தில் குழாயைத் துடைத்துவிடலாம் என்று பாயை வரச்சொல்லியிருந்தேன். அவர் மூடியைக் கழற்றித் தலையை உள்ளே விட்டார். குழாய்க்குள் யாரோ இருமினார்கள். நிதானமான, பழகிப்போன இருமல். பாய் தலையை வெளியே எடுத்தார். நான் விசிறி விளக்கத்தைச் சொல்ல வாயெடுத்தேன். ஒரு விசிறியும் ஓடவில்லை.

சாப்பாடு கொண்டுவந்திருந்த மெர்சி அக்கா யாரையும் கேட்கவில்லை. செருப்பைக்கூடப் போடாமல் பக்கத்துச் சந்தில் நடந்தார், பின்னால் நாங்கள். சந்தின் கடைசியில், குப்பைக்கும் சீமைக்கருவேலத்துக்கும் பின்னால் பிரஸ் ஷாப்புக்கு ஒரு சின்னக் கதவு, சாத்தாமல் கிடந்தது. உள்ளே அந்த பிளைவுட் கூரை கேபினில், எங்கள் குழாய்க்கு நேர் கீழே, மெடிக்கலில் பார்த்த பெரியவர் எங்கள் ஷெட்டின் பின்சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஜன்னலில் ஈர வேட்டி. காலித் தைலப் புட்டிகள் சுவரோரம் வரிசையாக. பெயர் எத்திராஜ். கம்பெனி ஓடிய காலத்தில் பிரஸ் சத்தத்திலேயே நின்று இரண்டு காதும் கேட்காமல் போனவர். நான் வருகிறவரை பார்த்துக்கொள் என்று முதலாளி சொல்லிவிட்டுப் போனாராம், இவர் பார்த்துக்கொண்டிருக்கிறார். நாங்கள் பேசியது அவருக்குக் கேட்கவில்லை. எங்களைக் கண்டதில் சந்தோஷம் மட்டும் தெரிந்தது. பாய் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். "மூணு வாட்டி கூப்ட்டேனே," என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பெரியவர் அவரைப் பார்த்துச் சிரித்தார்: "வா நைனா, குந்து. இன்னிக்கிதான் ஜுரம் உட்டுகீது."

கரண்ட் வந்தது

எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நின்றோம். நான் மேலே குழாயைக் காட்டினேன், கையால் விசிறிக் காட்டினேன். விசிறி வேண்டுமா என்று நினைத்துக்கொண்டு ஓர் அட்டையை எடுத்துக் கொடுத்தார். சந்தில் டேவிட் அண்ணன் எங்களைத் தேடிக்கொண்டு வரும் சத்தம் கேட்டது. மின்தடை சொன்ன நேரத்துக்கு முன்பே முடியும் என்று நம் ஊரில் யார் எதிர்பார்ப்பார்கள்? கரண்ட் வந்தது. எங்கள் மெஷின்களுக்கு ஆள் தேவையில்லை, கரண்ட் வந்தால் தானாக எழுந்துகொள்ளும், அப்படித்தான் நான் அமைத்து வைத்திருந்தேன்.

சுவருக்கு அந்தப்புறம் அந்த மூச்சு எழும்பியது. மேலே பிளைவுட் முனகியது. புழுதி கொட்டியது. பிறகு சூடு இறங்கியது, உச்சந்தலையில் யாரோ கை வைத்து அழுத்துவது மாதிரி. நான் செய்து கொடுத்த சூட்டை அன்றுதான் முதல்முறையாக வாங்கிக்கொண்டேன். ஒரு நிமிடம்கூட நிற்க முடியவில்லை. பெரியவர் சிரிப்பை விட்டுவிட்டு, துண்டைத் தலையில் போட்டு, வழக்கமான விருந்தாளியைப் பார்ப்பது போல அண்ணாந்து பார்த்தார். மெர்சி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். டேவிட் அண்ணன் வாசலில் நின்றுவிட்டார். பெரியவர் கை ஆடவே இல்லை. அவர் சாய்ந்திருந்த சுவர்தான் மெஷின் அதிர்வில் நடுங்கிக்கொண்டிருந்தது. அவர் அக்காவிடம் சொன்னார்: "தோ, வந்துடுச்சி பாரு. ஒடம்பு நடுங்குதா இல்லியா, நீயே சொல்லும்மா."

ஜுரம் போன பிறகு

டேவிட் அண்ணன் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. மெயினை இழுத்து இறக்கினார், சுவரின் நடுக்கம் நின்றது. பாய் அன்றைக்கே ஏறி, தான் போட்ட குழாயைத் தானே அறுத்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் அறுத்தார். இப்போது சூடு எங்கள் கூரை வழியாக நேராக வானத்துக்குப் போகிறது. வேகத்தைக் கம்பெனி வைத்த இடத்துக்கே இறக்கிவிட்டேன், சுவரின் அதிர்வும் அடங்கிவிட்டது. வருமானம் பாதியாகிவிட்டது. மெர்சி அக்கா இரண்டு கேரியர் கொண்டுவருகிறார்.

பெரியவருக்கு நடந்ததைப் புரியவைக்க நான் படாத பாடில்லை. அறுத்த குழாயைக் கொண்டுபோய் மடியில் வைத்தேன். தட்டிப் பார்த்துவிட்டு, நல்ல தகரம் என்று ஜாடை காட்டினார். அந்த அம்மா கையைப் பிடித்த அன்றுதான் ஜுரம் விட்டது என்பது அவர் முடிவு. அடைமழை பிடித்த ஒரு மாலை, பார்த்துவிட்டு வரலாமென்று போனேன். தகரக்கூரை ஒழுகிக்கொண்டிருந்தது. இரண்டு சாக்கைப் போர்த்திக்கொண்டு, உள்ளங்கையைச் சுவரில் பதித்து எதையோ தேடுகிறவர் போல உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் பக்கத்தில் கூப்பிட்டுச் சொன்னார்: "ஜுரம் இருந்தவரைக்கும் பரவால்ல நைனா. யாரோ கூட கீறாப்பல இருந்துச்சி. இப்ப குளுருது."

இப்போதெல்லாம் புது இடத்தில் வேலைக்குப் போனால், மெஷின் எத்தனை என்று கேட்பதற்கு முன்னால் அந்தத் தெரு மெடிக்கலுக்குப் போய், இங்கே யாருக்காவது விடாத காய்ச்சல் இருக்கிறதா என்று விசாரித்துவிட்டுத்தான் அளவு டேப்பைப் பிரிக்கிறேன்.