மூன்றாக அறுத்த நாவல்

நான் ஒருவனைக் காதைப் பொத்தி அறைந்தது ஒரு நாவலுக்காக. சொன்னால் சிரிப்பீர்கள். சிரித்துவிட்டுப் போங்கள். போனது அவனுடைய காது, உங்களுடையதல்ல.

இரண்டாவது உலக யுத்தம் முடிந்த கையோடு வெள்ளவத்தையில், ரயில் பாதைக்குக் கிட்ட, ஒரு வாடகை வீட்டில் நாங்கள் மூன்று பேர் இருந்தோம். யாழ்ப்பாணத்துப் பெடியள் கொழும்புக்கு உத்தியோகத்துக்கு வந்தால் கலியாணம் கட்டும்வரை இப்படித்தான் கூடி ஒரு வீடெடுத்து இருப்பார்கள். சம்மரி என்போம். மூத்தவர் சுங்கத்தில் கிளாக்கர். அவரை அண்ணை என்று கூப்பிடுவோம். நான் ஒரு கந்தோரில் சேர்ந்து, வேலை நிரந்தரமாகாமல் புரபேஷனில் இருந்தேன். மூன்றாமவன் என் வயதுக்காரன், பள்ளிக்கூடக் காலத்துக் கூட்டாளி. புதுக்கடையில் ஒரு புரக்டரிடம் வழக்குத் தாள்கள் டைப் அடித்துக்கொண்டே அரசாங்கக் கிளாக்கர் சோதனை எழுதிப் பாஸ் பண்ணியிருந்தான். மிச்சம் இருந்தது டொக்டர் உடம்பைச் சோதிக்கிற மெடிக்கல் மட்டும்தான்.

தகப்பன் இல்லாத பிள்ளை அவன். அவனுக்கு நியமனக் கடிதம் வந்தால்தான் தமக்கையின் கலியாணம் என்று மாப்பிள்ளை வீட்டார் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். தாய் கிழமைக்கு ஒரு கடிதம் போட்டு, மெடிக்கல் எப்போது, மெடிக்கல் எப்போது என்று கேட்டுக்கொண்டிருந்தா.

அந்த நேரத்தில்தான் அண்ணை புறக்கோட்டை நடைபாதையில் ஒரு தடித்த ஆங்கில நாவல் வாங்கி வந்தார். அமெரிக்கப் பட்டாளக்காரன் எவனோ விட்டுப்போனது. ஒரு கமக்காரக் குடும்பத்தின் மூன்று தலைமுறைக் கதை. அந்த நாட்டில் பெரிய பேர் எடுத்த புத்தகமாம். யார் முதலில் வாசிப்பது என்று மூவரும் பிடுங்குப்பட்டோம். எங்கள் வீட்டில் அதற்கு ஒரு வழி இருந்தது. சோதனைக்குப் படிக்கிற புத்தகங்களின் முதுகைச் சவர அலகால் கீறி மூன்றாக அறுத்து, ஆளுக்கொரு துண்டு எடுத்துப் படித்து மாற்றிக்கொள்வோம். பூகோளத்தை எந்தத் துண்டில் தொடங்கினால் என்ன? நாவலையும் அப்படியே அறுத்தோம். மூளை உள்ளவன் எவனும் இதைச் செய்யமாட்டான். சோதனை பாஸ் பண்ணிய நாங்கள் செய்தோம்.

முதல் துண்டு எனக்கு வந்தது. அதில் அந்தத் தகப்பன் ஒரு மிருகம். மூத்த மகனைக் குதிரை வாரால் அடிப்பான். பனி கொட்டுகிற நாளில் வெறும் மேலோடு வைக்கோல் கொட்டிலில் போட்டுப் பூட்டுவான். மறிக்க வந்த மனைவியை நிலத்தில் தள்ளி மிதிப்பான். வாசிக்க வாசிக்க எனக்கு உடம்பு பற்றி எரிந்தது. என் அப்பா பள்ளிக்கூட வாத்தியார். பூவரசந்தடியால் அடிப்பார். தடி முறிந்தால் அடுத்ததை வெட்டிக்கொண்டு வா என்று என்னையே அனுப்புவார். அம்மா குறுக்கே வந்தால் அவவுக்கும் விழும். அடி வாங்கிய கையோடு எழும்பிப் போய் அவருக்குச் சோறு போடுவா. அந்தச் சோற்றை அவர் எப்படி விழுங்கினார் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

என் துண்டின் கடைசிப் பக்கங்களில் மகன் அந்த வாரைப் பறித்து, தகப்பனைத் திருப்பி அடித்து விழுத்திவிட்டு ஊரைவிட்டுப் போனான். நான் கட்டிலில் எழும்பி இருந்து கைதட்டினேன்.

அண்ணையிடம் நடுத் துண்டு. அதில் தகப்பன் எங்கோ சண்டைக்குப் போய்விட, தாய் தனியாளாக நின்று காணியைப் பார்க்கிறாளாம். இது அந்த மனிசியின் கதை, ஆம்பிளைகள் சும்மா வந்து போகிறவர்கள் என்று அவர் அடித்துச் சொன்னார். கூட்டாளியிடம் கடைசித் துண்டு. அதில் அதே தகப்பன் கிழவனாகி, பாரிசவாதத்தில் விழுந்துவிட்டான். பேத்தி கஞ்சி ஊட்ட, மகன் வருவானா என்று வாசலைப் பார்த்தபடி கிடக்கிறான். என் கூட்டாளி அவனுக்காக உண்மையாகவே அழுதான். இப்படி ஒரு தகப்பன் யாருக்குக் கிடைக்கும் என்று வேறு கேட்டான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், துண்டுகளை மாற்ற முதலே, சோறு தின்றுகொண்டு வாய்த்தர்க்கம் தொடங்கியது. நான் வாரையும் கொட்டிலையும் சொல்லி, அந்தக் கிழவன் பாயிலேயே கிடந்து புழுக்க வேணும் என்றேன். அடித்தவன்தான், ஆனால் பிறகு என்று கூட்டாளி ஏதோ இழுத்தான். நான் பேசவிடவில்லை. தகப்பன் கையால் ஒரு அடி வாங்காதவனுக்கு என்னடா தெரியும் என்று கத்தினேன். அவன் சோற்றைப் பிசைந்தபடி நிதானமாகச் சொன்னான்.

"உன்ரை அப்பர் அடிச்சபடியாத்தான் நீ இண்டைக்கு உத்தியோகம் பாக்கிறாய். எனக்கு அடிக்க ஆளில்லை, மச்சான். இருந்திருந்தா நானும் எப்பவோ ஆளாகியிருப்பன்."

தன் இல்லாமையைத்தான் அவன் சொன்னான் என்று இப்போது விளங்குகிறது. அப்போது எனக்குத் தெரிந்தது நிலத்தில் கிடந்த அம்மா மட்டும்தான். சோற்றுக் கையாலேயே அவன் இடது காதைப் பொத்தி அறைந்தேன். சோற்றுக் கோப்பை தெறித்தது. சுவரில் மோதி விழுந்தவனை விலாவில் உதைத்தேன். சேட்டைப் பிடித்துத் தூக்கி இன்னும் இரண்டு போட்டேன். அண்ணை பின்னால் நின்று என் கழுத்தை நெரித்துத்தான் என்னைப் பிரித்தார். அவன் திருப்பி அடிக்கவில்லை. காதைப் பொத்திக்கொண்டு குந்தியிருந்தான். விரலிடுக்கால் இரத்தம் வந்தது. அடிக்கும்போது எனக்கு நன்றாக இருந்தது. இதை ஒளித்துவிட்டு மிச்சத்தை எழுதிப் பிரயோசனமில்லை.

வெள்ளவத்தையில் காட்டினால் கதை பரவும் என்று பயந்து, கொட்டாஞ்சேனையில் ஒரு அப்போதிக்கரியிடம் அவனைக் கூட்டிப்போனேன். குளிக்கும்போது வழுக்கி விழுந்தவர் என்று நான்தான் முந்திக்கொண்டு சொன்னேன். அவன் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, அப்போதிக்கரி பக்கம் காதைத் திருப்பினான். அப்போதிக்கரி பஞ்சு வைத்து, துளி மருந்து தந்து அனுப்பினார்.

பத்தாம் நாள் மெடிக்கல். டொக்டர் அவனுக்குப் பின்னால் தள்ளி நின்று, மெதுவான குரலில் இலக்கங்கள் சொன்னாராம். வலது காதை மூடியபோது அவனுக்கு ஒன்றுமே கேட்கவில்லை. பின்னேரம் வீட்டுக்கு வந்து, கதிரையில் இருந்து, என்னையும் அண்ணையையும் பார்த்துப் பொதுவாகச் சொன்னான்.

"சவ்வு கிழிஞ்சது புதுசு மாதிரித்தானாம், ஆனா அதுக்கு அத்தாட்சி வேணுமாம். அடிச்ச ஆள், அடிச்சனான் எண்டு எழுதித் தந்தா, காது மாறுறதுக்கு மூண்டு மாசம் தவணை தருவாராம். இல்லாட்டிப் பழைய காது வருத்தம் எண்டு எழுதி என்னைக் கழிச்சுப்போடுவாராம். வெள்ளிக்கிழமைக்குள்ளை குடுக்க வேணும்."

அண்ணை எழும்பிப் போய் ஒரு தாளும் பேனையும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். இரண்டே இரண்டு வரி. ஆனால் அந்த இரண்டு வரி என் கந்தோருக்குப் போனால் புரபேஷன்காரனை வைத்திருப்பார்களா? ஒருவனை அடித்துச் செவிடாக்கியவன் என்று எழுதி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அப்பா என்ன சொல்லுவார் என்றும் நினைத்தேன். வெட்கக்கேடு, அந்த வயதிலும் அவருக்கு நடுங்கினேன்.

யோசிப்பம் என்றேன்.

புதன் போனது, வியாழன் போனது. அண்ணை என்னோடு பேசுவதை விட்டார். தாள் மேசையிலேயே கிடந்தது. வெள்ளிக்கிழமை விடிய, அவர்கள் எழும்ப முதலே நான் கந்தோருக்குப் போய்விட்டேன். அன்று ஏழு மணிக்குக் கந்தோர் வாசலில் நின்றவன் நான் ஒருவன்தான்.

மெடிக்கலில் அவனைக் கழித்துவிட்டார்கள். அடுத்த கிழமை அவன் ஊருக்குப் போகப் பெட்டி கட்டினான். சண்டை பிடிப்பான், நாலு தூஷணம் சொல்லுவான் என்று எதிர்பார்த்தேன். சொல்லியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவன் நாவலின் கடைசித் துண்டை எடுத்து என் கட்டிலில் வைத்தான்.

"நீ இதை வாசிக்கேல்லை. கடைசியிலை அந்தக் கிழவன் ஊர்ச்சனத்தைக் கூப்பிட்டு, என்ரை பிள்ளையை நான்தான் அடிச்சுக் கலைச்சனான் எண்டு எல்லாருக்கும் முன்னாலை சொல்லுவான். அதுக்காகத்தான் எனக்கு அவனைப் பிடிச்சது."

அப்போதும் மெடிக்கல் டொக்டரிடம் ஓடியிருக்கலாம். நாள் பிந்தியிருந்தாலும் கேட்டுப் பார்த்திருக்கலாம். நான் அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் நிற்கும் இடம்வரை போனேன், அவ்வளவுதான்.

அவன் தமக்கைக்குப் பேசியிருந்த மாப்பிள்ளை வீட்டார் வேறு இடத்தில் பெண் எடுத்துவிட்டார்கள் என்று சில மாதம் கழித்து என் அம்மா எழுதியிருந்தா. அந்தக் கிழமைதான் எனக்கு வேலை நிரந்தரமானது.