தறியில் இருப்பதாக நான் எழுதிக்கொடுத்த ஆள்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். இன்றைக்கு ஆரணியிலும் சேவூரிலுமாக நாற்பது வீட்டுத் தறிகளில் நான் கொடுக்கிற பாவு நூல்தான் ஓடுகிறது. அரசாங்கம் நெசவாளிக்கு எதைக் கொடுத்தாலும், இலவச மின்சாரமோ தறிக்கொட்டகையோ, என் வழியாகத்தான் தெருவுக்குள் வரும். ஃபாரத்தை நிரப்பப் படித்த பிள்ளைகள் உண்டு. என்ன நிரப்புவது என்று சொல்கிறவன் நான். இதைப் பெருமையாகவே சொல்கிறேன். என் பேச்சைக் கேட்ட எந்த வீட்டுக்கும் நெசவாளர் அட்டை வராமல் போனதில்லை.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம். தறி சும்மா கிடக்கலாம், அதற்கு ஒரு பேர் இல்லாமல் கிடக்கக்கூடாது. பேர் போனால் அட்டை போகும், அட்டை போனால் அந்த வீட்டுக்கு வருகிற எல்லாமும் போகும். சேவூரில் என்னிடம் நெய்கிற ஒரு அம்மாவுக்கு வீட்டில் இரண்டு தறி. ஒன்றில் அவள், இன்னொன்றில் அவள் புருஷன். புருஷன் இறந்ததும் அவர் தறியை மகன் பேருக்கு மாற்றிவிட்டேன். மகனோ பட்டாளத்தில் இருந்தான். தறிக்குழியில் கால் விட மாட்டேன் என்று சொல்லி ஊரை விட்டுப் போன பையன். லீவில் வந்தவனை அழைத்துப்போய்க் கைரேகை வைக்கவைத்தேன். சிரித்துக்கொண்டே வைத்தான்.

கைத்தறி ஆபீசிலிருந்து ஆய்வுக்கு ஆள் வந்தபோது அவன் ஊரில் இல்லை. அவன் சட்டையைப் போட்டுக்கொண்டு நானே தறியில் உட்கார்ந்தேன். அறுபத்தெட்டு வயதிலும் என் முதுகு வளையவில்லை, தலையில் மை இருந்தது. வந்தவர் பின்னாலிருந்து போட்டோ எடுத்துக்கொண்டு போனார். அதை வைத்துத் தெருவே ஒரு வாரம் சிரித்தது.

பிறகு எல்லையில் சண்டை மூண்டது. டிவியைப் போட்டால் ஒரே கூச்சல். அவன் அம்மாவுக்குக் கடைசியாகப் போன் செய்தான். இனிமேல் பேச முடியாது, நீயும் யாரிடமும் எதையும் சொல்லாதே என்றானாம். எங்கேடா இருக்கிறாய் என்று இவள் கேட்க, அதைத்தான் சொல்லக்கூடாது என்று வைத்துவிட்டான். அதற்குப் பிறகு அவனுக்குப் போன் போகவே இல்லை. சண்டை நின்றுவிட்டது என்று டிவியில் சொன்ன பிறகும் போகவில்லை. அவள் தறியில் உட்காருவாள், ஆனால் ஊடை நூலோடு நாடா குறுக்கே ஓடாது. எனக்குத் தெரியாத ஆபீசா, வா, நான் கேட்டுச் சொல்கிறேன் என்று என் காரிலேயே கலெக்டர் ஆபீசுக்கு அழைத்துப்போனேன்.

அங்கே இருந்த அதிகாரி சின்ன வயசுப் பெண், மரியாதையாகப் பேசியது. அந்த அம்மாவுடைய ரேஷன் அட்டை எண்ணைத் தட்டியதும் திரையில் எல்லாம் வந்துவிட்டது. போன வாரம் கடையில் அரிசி வாங்கியது, விதவைப் பென்ஷன், எரிகிற கேஸ், வயிற்றுவலிக்கு ஆஸ்பத்திரிக்குப் போனது வரைக்கும். மகன் எங்கே என்பது மட்டும் வரவில்லை.

"பட்டாளத்து விவரம் எங்களுக்கே காட்டாதுங்க. மேலதான் எழுதிக் கேக்கணும்" என்றது. பிறகு திரையை எங்கள் பக்கம் திருப்பியது. "ஆனா உங்க பையன் இங்க நெசவாளர்னு இருக்குதே. தறியில உக்காந்துகினு இருக்கற போட்டோ கூட இருக்குது."

திரையில் என் முதுகு.

"எது நிஜம்னு சொல்லுங்க. பட்டாளத்துலதான்னா இன்னிக்கே எழுதி அனுப்பறேன். இந்த அட்டைய நிறுத்திட்டு, இதே மாதிரி இருக்கறத எல்லாம் ஒரு தடவ பாக்கச் சொல்லுவாங்க."

இதே மாதிரி என் தெருவில் எத்தனை என்று எனக்குத்தான் தெரியும். அந்த அம்மா என் முகத்தைப் பார்த்தாள். எந்த மந்திரி முன்னாலும் வாய் குளறாதவன் நான். "நெசவாளிதாங்க. ஊர்லதான் இருக்கறான்" என்றேன். என் கையெழுத்து போதாது, அம்மாவும் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று கைரேகை மெஷினை நகர்த்தினார்கள். இத்தனை வருஷமாக நான் காட்டிய இடத்தில் ரேகை வைத்தே பழகியவள். நான் தலையை ஆட்டினேன். அவளும் வைத்தாள். மெஷினில் பச்சை விளக்கு எரிந்தது.

திரும்பி வரும்போது கார் களம்பூரைத் தாண்டியது. பிறகு, "அண்ணா, இனிமே என் புள்ளய நா யாராண்ட கேக்கறது?" என்றாள். டிரைவர் பாட்டை நிறுத்தினான்.

மூன்று மாதம் கழித்து அவனே வந்தான். இடது காது சுத்தமாகக் கேட்கவில்லை. வேலையிலிருந்து விடுவித்துவிட்டார்களாம். கையில் ஒரு கவர், அதிலிருந்த விடுவிப்புக் கடிதத்தில் ஊர் பேரும் கிடையாது, நடந்ததும் கிடையாது. எங்கே இருந்தாய் என்று அம்மா எத்தனையோ விதமாகக் கேட்டுப் பார்த்தாள். ஒரு நாள் நானும் அங்கே நிற்கும்போதுதான் பதில் சொன்னான்.

"எங்கயும் போவல மா. தறியில இருந்தேன். மாமா எழுதிக் குடுத்துட்டாரு, நீ ரேகை வெச்சிட்டே. அப்புறம் இன்னா?"

சிரித்தான். நாங்கள் சிரிக்கவில்லை.

அடுத்த மாதமே அப்பன் தறிக்குழியில் காலை விட்டான். நான் சொல்லவில்லை, அம்மாவும் சொல்லவில்லை. சின்ன வயதில் கற்றது கையை விட்டுப் போகவில்லை, நன்றாகவே நெய்கிறான். நான்தான் இப்போதெல்லாம் அந்த வீட்டுப் பாவை ஆள்விட்டுக் கொடுத்தனுப்புகிறேன். காகிதத்தில் அவனை அங்கே உட்காரவைத்தவன் நான். அது எங்கிருந்தோ அவனை இழுத்துவந்து உட்காரவைத்துவிட்டதோ என்று தோன்றும். படித்தவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

போன வாரம் மறுபடி ஆய்வு. வந்தவரை நான்தான் அழைத்துப்போனேன். இடது பக்கமாக நின்று பேரைச் சொல்லிக் கூப்பிட்டார், அவன் திரும்பவில்லை. பரவாயில்லை என்று பின்னாலிருந்தே போட்டோ எடுத்தார். அவன் போட்டிருந்தது அன்றைக்கு நான் போட்ட அதே சட்டை. போனில் பழைய போட்டோவையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"ரெண்டும் ஒரே ஆள்தாங்க, சரியா இருக்குது" என்றார்.

எதிர்த்தறியில் அந்த அம்மா தலையைத் தூக்கவில்லை.