ஆரஞ்சுப் பட்டை

கடற்கரைச் சாலைத் தீம் பார்க்கில் நுழையும்போது கையில் கட்டிவிட்ட ஆரஞ்சுப் பட்டையைக் கத்தரித்தால்தான் கழற்ற முடியும். அந்தப் பட்டையோடு அடையாறில் மயிலாப்பூர் பஸ் ஏறி, மேல்கம்பியைப் பிடிக்கிறேன். பட்டையைப் பார்த்ததும், மடியில் பிளம்பர் பையோடு உட்கார்ந்திருந்தவர் எழுந்துவிடுகிறார்.

“ஆஸ்பத்திரிலேர்ந்தா வர்ற? குந்து சார். ஒடம்புக்கு இன்னா?”

“தலைசுத்தல்” என்கிறேன். ராட்டினத்தில் ஏழு தடவை ஏறியவன் சொன்னால் அது பொய்யில்லை. உட்காருகிறேன்.

நின்றபடியே அவர் தண்ணீர் பாட்டிலையும் நீட்ட, மனசு உறுத்துகிறது. உண்மையைச் சொல்ல வாயெடுக்கிறேன். ஜன்னலோரத்து ஆள் முழங்கையால் இடித்து, முழுக்கைச் சட்டையை லேசாக ஏற்றிக் காட்டுகிறார். அதே ஆரஞ்சுப் பட்டை.

“கம்னு குந்து சார்” என்று கிசுகிசுக்கிறார். “நீ சொன்னா நானும் எய்ந்துக்கணும்.”