பதினெட்டு முடிந்தவளுக்கு ஓர் அறை

ஆதரவற்றோர் இல்லத்தில் பதினெட்டு வயது நிறைந்த பிள்ளைகளை வெளியுலகில் குடியேற்றும் பணியில், வேலை எப்படியாவது கிடைத்துவிடும், வீடுதான் கிடைக்காது. இப்பணியில் என்னோடு சேர்ந்து தேய்கின்ற அன்பர்களுக்கு இது புதிதன்று. ஆகவே செல்வி என்னும் பெண்ணின் பொருட்டு நான் பட்டதை மட்டும் சொல்கிறேன்.

அம்மையும் அப்பனும்

நினைவு தெரிந்த நாள்முதல் செல்விக்கு இல்லமே வீடு. துணிக்கடையில் வேலை கிடைத்ததும், அறை தேடிச் செங்கம் சாலையில் ஒரு வீட்டுக்காரரைக் கண்டோம். பௌர்ணமிதோறும் கிரிவலம் வருவோர்க்கு வாசலில் பந்தலிட்டு அன்னமிடும் புண்ணியவான். "பொண்ணோட அப்பா அம்மா எந்த ஊருங்க?" என்றார். எவரும் இல்லை என்றேன். அருணாசலனையே அம்மையும் அப்பனுமாகக் கொண்டு முதுமை எய்தியவன் நான்; அந்த விடை வாடகை வீட்டில் செல்லாது என்று அன்றுதான் அறிந்தேன். செல்வியின் காதுபடவே அவர் சொன்னார்: "பௌர்ணமிக்கு வரச் சொல்லுங்க சார், வயிறு நிறையப் போடறேன். வீடு மட்டும் கேக்காதீங்க."

ஒருத்திக்குச் சோறு

பல படிகள் ஏறி இறங்கியபின், நான் பொறுப்பேற்றதன் பேரில் ஓர் அம்மையார் மாடியறையைத் தந்தார். மறுநாள் பார்க்கப் போனேன். குண்டானில் பொங்கிய சோறு வாளியிலும் தட்டுகளிலும் நிறைந்திருக்க, நடுவே செல்வி விழித்துக்கொண்டிருந்தாள். இல்லத்து அடுப்படியில் அத்தனை பிள்ளைகளுக்கும் உலை வைத்துப் பழகிய கை அது. "இன்னாம்மா இது, கல்யாணப் பந்தியா?" என்று வீட்டுக்கார அம்மாள் சிரித்தார். செல்வி சிரிக்கவில்லை. "ஒரே ஒரு ஆளுக்கு எவ்ளோ அரிசி போடணும்னு எனக்குத் தெரியாதுங்க ஆன்ட்டி."

செருப்பு

கடை விடுமுறையன்று, பையோடு இல்லத்துக்கே வந்துவிட்டாள். நானும் அங்கிருந்தேன். "தனியாத் தூக்கமே வரலம்மா. ஒரு மூலையில படுத்துக்கறேன்" என்று, தன்னை வளர்த்த காப்பாளரிடம் கெஞ்சினாள். அந்த அம்மாள் முகத்தை வேறுபுறம் திருப்பிக்கொண்டார். "சட்டம் எடங்குடுக்கலடி கண்ணு. எப்ப வேணா வா, சாப்புடு. ஆனா இனிமே நீ விருந்தாளி." இல்லத்துப் பிள்ளைகளின் செருப்புகளுக்கு உள்ளே தனி அடுக்கு உண்டு, வெளியார் வாயிற்படியிலேயே கழற்ற வேண்டும். உள்ளே வைக்கப்போன செல்வி, செருப்பைக் கையிலெடுத்துக்கொண்டு கேட்டாள்: "அப்போ இத வெளிய விட்டுட்டு வரட்டுமாம்மா?"

பிறவிக்கடலையே அருணாசலன் கடத்திவிடுவான் என்று உலகமெல்லாம் திரண்டு வரும் இவ்வூரில், அழுத பெண்ணொருத்தியைச் செங்கம் சாலை கடத்தி அதே அறையில் மீண்டும் விட்டு வந்ததுதான் அன்று நான் செய்த திருப்பணி.