கஞ்சி போட்ட திங்கட்கிழமைகள்

எண்பதுகளின் கடைசியில் வேலம்பாளையத்துத் தொடக்கப்பள்ளி ஒன்றில் இரண்டாம் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். டைரி எழுதும் வழக்கம் அப்போதே உண்டு. மழை, மின்வெட்டு, யார் வரவில்லை, எந்தப் பாடம் பாதியில் நின்றது என எல்லாம் அதில் இருக்கும். "சார் தும்முனாக்கூட நேரம் போட்டு எழுதிருவாரு" என்று மூன்றாம் வகுப்பு ஆசிரியை கேலி செய்வார்.

என் வகுப்பில் ஒரு சிறுமிக்குக் காது மந்தம். பக்கத்தில் போய்க் கத்தினால்தான் கேட்கும். ஜூனில் நடந்த முகாமில் அவளுக்குக் காது கேட்கும் கருவி ஒன்று கொடுத்தார்கள். இப்போது வருவதுபோல் காதுக்குள் ஒளிந்துகொள்வது அல்ல. சிகரெட் பெட்டி அளவுப் பெட்டி, அதிலிருந்து காதுக்கு ஒரு வயர். மைக் அந்தப் பெட்டியிலேயே இருந்தது. அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். முகாம் அதிகாரி போகும்போது ஒன்று சொன்னார்: "ஆறு வாரம் கழிச்சு வருவேன். போடலைன்னா வாங்கி வேற குழந்தைக்குக் குடுத்துருவேன்."

அவளோ மாட்டிவிட்ட ஐந்தாம் நிமிடம் பிடுங்கிவிடுவாள். "என்ன கண்ணு?" என்றால், "கரகரங்குது" என்பாள். பேட்டரி மாற்றினோம். பக்கத்து விசைத்தறிச் சத்தமோ என்று இடம் மாற்றி உட்கார வைத்தோம். சில நாள் மாலைவரை போட்டிருப்பாள். மறுபடி பிடுங்குவாள். ஆறாவது வாரம் வியாழக்கிழமை ஒரு கார்டு வந்தது: அதிகாரி வரும் திங்கட்கிழமை வருகிறார்.

அன்று மாலை டைரியைப் பின்னோக்கிப் புரட்டினேன். திங்கள், செவ்வாய் பிடுங்கியிருக்கிறாள். புதன் பாதி நாள். வியாழன், வெள்ளி முழுநாளும் போட்டிருக்கிறாள். எந்த வாரத்தைப் பார்த்தாலும் இதேதான். ஆசிரியையிடம் காட்டினேன்.

"அந்தப் பெட்டிக்கும் திங்கக்கிழமைன்னா பள்ளிக்கூடம் புடிக்காது போல" என்றார்.

ஞாயிறு காலை அவள் வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை செய்பவர். வாரத்தில் அன்று ஒருநாள்தான் வீட்டில் இருப்பார். வாசலில் கொடியில் மகளின் யூனிஃபார்ம் காய்ந்துகொண்டிருந்தது. காற்றடித்தும் அசையவில்லை, அப்பளம்போல் விறைத்து நின்றது.

"கஞ்சி போட்டீங்களா?"

"ஆமாங்க சார். வாரா வாரம் போட்டுருவனுங்க. புதங்கெழமைக்கு மேல வெறப்பு போயிருதுங்க."

கருவியை வாங்கி, அந்தச் சட்டைப் பையில் போட்டு, வயர் முனையை என் காதில் அழுத்திக்கொண்டு சட்டையை லேசாக அசைத்தேன். தகரக் கூரைமேல் யாரோ சரளைக்கல்லைக் கொட்டியதுபோல் இருந்தது. அதை அவர் காதில் வைத்தேன். திடுக்கிட்டுப் பிடுங்கிவிட்டார், மகளைப் போலவே.

"இனிமேல் கஞ்சி வேண்டாங்க" என்றேன்.

"அதெப்படீங்க? காது கேக்காத புள்ளைன்னா துணியுங் கசங்கித்தான் இருக்கோணுமா? ஒருத்தரும் என் புள்ளைய எளப்பமாப் பாக்கக் கூடாதுங்க."

அவரே உள்ளே போய், பனியன் துணி கட்பீஸ் ஒன்றோடு வந்தார். உள்ளங்கையில் வைத்துக் கசக்கிக் காட்டினார். "இதுல சத்தமே வராதுங்க." நான் காபி குடித்து முடிப்பதற்குள் தோளில் மாட்டும் பட்டையோடு ஒரு குட்டிப் பை தைத்தாகிவிட்டது. விறைத்த சட்டைக்கு மேலே, அவள் மார்பில் பூனைக்குட்டிபோல் அது தொங்கியது.

திங்களன்று அதிகாரி வந்தார். சிறுமி சிலேட்டில் குனிந்திருந்தாள். அவர் அவளுக்குப் பின்னால் நான்கடி தள்ளி நின்று, சாதாரணக் குரலில் கேட்டார்: "பாப்பா, அந்தப் பெட்டியத் திருப்பித் தர்றியா?"

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு கையால் பையைப் பொத்திக்கொண்டு, மரியாதை குறையாமல் சொன்னாள்:

"மாட்டனுங்க."

அதிகாரி சிரித்துவிட்டார். வாசலில் நின்ற ஆசிரியை, "இதுக்கும் நேரம் போட்டுக்குங்க சார்" என்றார்.

போட்டிருக்கிறேன். காலை பத்து இருபது.